கயத்தானின் ஞாயிற்றுக்கிழமை

வாடைக்காற்று பலத்து வீசுகிற கார்த்திகை மாதத்தில், கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நான்கு வார ஆகமன காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையன்று, முதல் பூசை முடிந்து ஜனங்கள் கோயிற்படிகளில் இறங்கிக்கொண்டிருந்த காலை ஏழு மணி அளவில், சென்ற ஆண்டு காணாமற்போன கயத்தான் தன் கட்டுமரத்தின் மேல் நின்று கரையை நோக்கித் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தது பெலவேந்திரபுரத்தார் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. கடலும் வானமும் சேருகிற கோட்டில் அவன் நின்றான். அவ்வளவு தொலைவில் விசைப்படகே கடுகளவாகத்தான் தெரியும். கயத்தானோ விரல் நகத்தளவே இருந்தும், அவன் கைலியின் கட்டங்களையும் தலையில் சுற்றியிருந்த துண்டின் சிவப்புக் கரையையும் பார்வை மங்கிய கிழவர்கள்கூடத் தயங்காமல் எடுத்துச் சொன்னார்கள். யாரும் கூச்சலிடவில்லை. கூட்டம் சற்று நேரம் நின்று பார்த்தது. பிறகு பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்ள, ஆண்கள் தொண்டையைச் செருமிக்கொள்ள, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வீடுகளுக்குப் போய்க் கடற்பக்கத்துச் சன்னல்களைச் சாத்திக்கொண்டது.

அப்படிச் சாத்திக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. பெலவேந்திரபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகக்கூடாது. அது திருச்சபை விதித்த கட்டளை அன்று. ஒருவன் போனால் மற்றவனும் போவான், பிறகு ஓய்வு என்பதே இல்லாமற்போய்விடும் என்று கருதி, ஊர் தனக்குத் தானே இட்டுக்கொண்ட நியாயமான கட்டுப்பாடு. மீறியவன் கோயில் விளக்குக்கு ஒரு தகரம் தேங்காய் எண்ணெய் தண்டம் கொடுக்க வேண்டும். வள்ளங்களுக்கு எஞ்சின் வந்த பிறகு, சனிக்கிழமை மாலையில் ஒவ்வொருவனும் தன் எஞ்சினைத் தோளில் சுமந்துவந்து கோயிலை அடுத்த கிட்டங்கியில் இறக்கிவைப்பதும், ஊர்க் கமிட்டித் தலைவர் இஞ்ஞாசி அதைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொள்வதும் வழக்கமாயின. முன்பொரு முறை, காணாமற்போனவனைத் தேடப்போகிறோம் என்று சொல்லி ஞாயிறன்று எஞ்சினை வாங்கிப்போன சிலர், தேடப்பட்டவன் தன் மாமனார் வீட்டில் சாப்பிட்டுவிட்டு உறங்கிக்கொண்டிருந்த வேளையில், கூடை நிறைய நெய்மீனுடன் கரையேறினார்கள். ஊர் கொதித்தது. எந்தக் காரணத்தை முன்னிட்டும் ஞாயிறன்று கிட்டங்கி திறக்கப்படாது என்று அன்றே ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தார்கள். சேர்த்தவர்களுள் கயத்தானும் ஒருவன்.

சென்ற ஆண்டு இதே முதல் ஞாயிறன்றுதான் அவன் போனான். சனிக்கிழமை விரித்த வலையை நீரோட்டம் பாறைப்பக்கம் இழுத்துக்கொண்டுபோவதைக் கண்டு, கிடக்கும் வலையைத் தூக்குவது மீன்பிடிப்பதாகாது என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, எஞ்சின் தேவைப்படாத கட்டுமரத்தில் துடுப்போடு கிளம்பிவிட்டான். நண்பகலில் வாடை முறுகியது. அவன் மனைவி மெற்றில்டா தலைவரிடம் ஓடினாள். வலையைத் தூக்குவது மீன்பிடித்தலுக்குள் அடங்குமா, அடங்காதா என்று கமிட்டியார் ஏலக்கொட்டகையில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை விவாதித்தார்கள். இரு தரப்பிலும் நல்ல வாதங்கள் இருந்தன. அவள் பங்குச்சாமியாரிடம் ஓடினாள். விழித்திருந்து காத்திருப்பதன் மேன்மையைப் பற்றி அன்று காலைதான் அருமையாகப் பிரசங்கித்திருந்த தஸ்நேவிஸ் சாமி, இது ஊர்க்காரியம், தான் தலையிடுவது முறையாகாது என்றார். கடைசியில் இஞ்ஞாசி கொட்டகையிலிருந்து எழுந்து வந்து, தகப்பன் மகளிடம் பேசுவதுபோலவே பேசினார்.

"பொறுமையா இரு, மெற்றில்டா. வந்துக்கிட்டுத்தான் இருப்பான்."

மறுநாள் விடியலில் கோயிலின் திருந்தாதி மணி அடித்ததும் எல்லா வள்ளங்களும் புறப்பட்டன. தேடுவதில் யாரும் குறை வைக்கவில்லை. கிடைத்தது வலையில் கட்டியிருந்த வெள்ளை மிதவை ஒன்றுதான். உடலில்லாமலே கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிலுவை நட்டார்கள். மெற்றில்டா வெள்ளைப் புடவை உடுத்தினாள், கருவாட்டுக் களத்தில் கூலிக்குப் போனாள், யாரையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் ஊருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆகவே கயத்தான் திரும்பவும் தென்பட்டபோது, அது எப்படி நிகழக்கூடும் என்று யாரும் கேட்கவில்லை. இவ்வளவு நாள் ஏன் தாமதித்தான் என்பதே பலருக்கும் உள்ளூர எழுந்த கேள்வி. திங்களன்று வள்ளங்கள் அவனை நோக்கி விரைந்தன. நடப்பவனோடு நிலவும் நடப்பதுபோல, எவ்வளவு விரைந்தாலும் அவன் அதே தூரத்தில் இருந்தான். அருகில் போய்ப் பார்க்க முடியாவிட்டாலும் ஒன்றை எல்லாரும் கவனித்தார்கள்: துடுப்பு உயர்ந்தபடியே நின்றிருந்தது, அதன் நுனியிலிருந்து சொட்ட வேண்டிய நீர்த்துளி சொட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. செவ்வாயன்றும் அப்படியே, புதனன்றும் அப்படியே. வியாழக்கிழமைக்குள் ஊர் பழகிவிட்டது. அவன் நிற்கும் திசையில் வலை விரிப்பதை விட்டுவிட்டார்கள்; அந்தப் பக்கத்து மீன் அந்த மாதம் நன்றாகக் கொழுத்தது. மீன் வாங்க வந்த வெளியூர் வியாபாரிகள் அது யார் என்று கேட்டால், எங்கள் ஊர்க்காரர்தான் என்று சொல்லிவிட்டு விலையைப் பேசினார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் ஒருநாள் வந்து படம் பிடித்தார்கள். அவர்களுடைய கருவியில் வெறுங்கடல்தான் விழுந்ததென்று டீ குடித்துவிட்டுத் திரும்பிப்போனார்கள். மாதா சபைப் பெண்கள், மெற்றில்டா இனி வெள்ளை உடுத்தலாமா கூடாதா என்று தீர்மானிக்கக் கூடினார்கள். அவர்கள் பேசிமுடிப்பதற்குள் அவள் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு களத்துக்குப் போய்விட்டாள்.

கோயிலிலோ காலம் தன் முறைப்படி நடந்தது. சாமியார் ஊதா உடை அணிந்தார். பீடத்தருகே பச்சை இலை வளையத்தில் நிறுத்திய நான்கு மெழுகுவர்த்திகள் ஞாயிற்றுக்கு ஒன்றாக ஏற்றப்பட்டன. வருக, தாமதியாமல் வருக என்று இறைவனை அழைக்கும் பாட்டை ஆண்டுதோறும் கூரை அதிரப் பாடுகிற ஊர், இந்த ஆண்டு அந்தச் சொல் வந்த இடத்திலெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொண்டது. வாயால் அழைப்பதும் மனத்தால் தள்ளிவைப்பதும் எவ்வளவு கடினமான உழைப்பு என்பதை அவர்கள் அந்த நாட்களில் கற்றுக்கொண்டார்கள். தெருக்களில் நட்சத்திர விளக்குகள் கட்டப்பட்டன. கட்டியவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டியபடியே கட்டினார்கள். கயத்தானின் பழைய கூட்டாளியும், எதையும் கேலியாக்கிவிடுகிறவனுமான சந்தியாகு மட்டும் டீக்கடையில், வந்தான் என்றால் முதலில் யாரிடம் கணக்குக் கேட்பான் என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். யாரும் சிரிக்காததால் தன் தம்ளரை அலம்பிக் கவிழ்த்துவிட்டுப் போனான்.

அவன் நெருங்குகிறான் என்பதும் தெரியாமலில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பார்க்கும்போது, முந்தைய வாரத்தைவிட அவன் பெரியவனாகத் தெரிந்தான். ஆனால் ஞாயிறுகளில் ஊர் சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்ததால், அவன் எப்போது நகர்கிறான் என்பதை மெற்றில்டா ஒருத்தியே கண்டாள். மூன்றாம் ஞாயிறன்று, வளையத்தில் ரோஜா நிற மெழுகுவர்த்தி ஏற்றப்பட்ட பூசைக்குப் பின், அவள் கரையில் உட்கார்ந்து பொழுதெல்லாம் பார்த்தாள். துடுப்பு இறங்கிற்று, நீர்த்துளி விழுந்தது, கயத்தான் முழங்காலை மடக்கி, உடம்பு முழுவதையும் வளைத்து வலித்தான். கரையில் இலை அசையவில்லை. அவன் துண்டோ தெற்கே படபடத்துப் பறந்தது. சென்ற ஆண்டின் காற்றில் அவன் இன்னும் போராடிக்கொண்டிருந்தான். பொழுது சாய்ந்து சந்தி மணி அடித்ததும் துடுப்பு நடுவானில் நின்றுவிட்டது.

அடுத்த சனிக்கிழமை மாலை, எஞ்சின்களை உள்ளே வைத்துத் தலைவர் பூட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் கிட்டங்கி வாசலுக்கு வந்தாள். கண்டதைச் சொன்னாள். அவனுக்கு அந்த ஞாயிறு இன்னும் முடியவில்லை என்றாள். வேலை நாளில் எத்தனை வள்ளம் போனாலும் அவனிடம் போய்ச் சேராது. அவன் இருக்கும் நாளில்தான் அவனிடம் போக முடியும். நாளை நான்காம் ஞாயிறு, அதற்கப்புறம் ஆகமன காலத்தில் ஞாயிறே இல்லை என்றாள். இஞ்ஞாசி பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்ட மனிதரல்லர்; எளியவர்களின் வழக்கைத் தன் செலவில் நடத்திக்கொடுத்தவர்; இந்தக் கட்டுப்பாட்டால்தான் ஊர் வெட்டுக்குத்து இல்லாமல் இருக்கிறது என்று உண்மையாகவே நம்பியவர்.

"அவன்தான் பக்கத்துல வந்துட்டானே, மக்கா" என்றார். "தானா வந்துக்கிட்டுத்தானே இருக்கான். கொஞ்சம் பொறு."

"போன வருஷமும் இதைத்தான் சொன்னிய, மாமா."

அவர் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை மடியில் செருகிக்கொண்டு போனார்.

நான்காம் ஞாயிறு காலைப் பூசையில் பாட்டே எழும்பவில்லை. முடிந்ததும், சன்னலைச் சாத்தப் போக யாருக்கும் இயலவில்லை. ஏனென்றால் கயத்தான் அலை உடைகிற இடத்துக்குச் சற்று அப்பால், முகம் தெரிகிற தூரத்தில் இருந்தான். வாய் திறந்து மூச்சு வாங்குவது தெரிந்தது. தோளெலும்பு புடைத்து அடங்குவது தெரிந்தது. அவன் வலிக்கிறான், முன்னேறுகிறான், அவனுடைய காற்று அவனைப் பின்னுக்குத் தள்ளுகிறது, மறுபடியும் வலிக்கிறான். ஒரு கணம் துடுப்பை உயர்த்திக் கரையில் இருந்தவர்களுக்குக் காட்டினான். உதவி கேட்கிறவனின் சைகையாகவும், பயப்படாதீர்கள் என்று சொல்கிறவனின் சைகையாகவும் அது இருந்தது. மெற்றில்டா கழுத்தளவு நீருக்குள் இறங்கினாள். அலை அவளை மூன்று முறையும் மணலில் கொண்டுவந்து போட்டது. நேரம் போகப் போக அவன் சிறுத்தான். நெருங்கியவன் விலகத் தொடங்கினான் என்பதை எல்லாரும் ஒரே சமயத்தில் உணர்ந்தார்கள்.

அவள் நனைந்த சேலையோடு இஞ்ஞாசி முன்னால் வந்து நின்றாள். கையேந்தவில்லை, அழவில்லை. ஊர் முழுவதும் சுற்றி நின்றது. பங்குச்சாமியாரும் ஊதா உடையைக் கழற்ற மறந்து கூட்டத்துக்குள் நின்றார். தலைவரின் கை மடியிலிருந்த சாவியைப் பற்றியிருந்தது. அவளிடம் மட்டும் சொல்வதுபோல அவர் மெல்லச் சொன்னார்.

"இன்னைக்குத் தொறந்தா, அன்னைக்கும் தொறந்திருக்கலாம்னு ஆயிருமே, மெற்றில்டா."

"ஆமா, மாமா. ஆயிரும்."

அந்த ஊரில் அதுவரை பேசப்பட்ட வாதங்களிலெல்லாம் அதற்கு மறுப்புச் சொல்லக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. இஞ்ஞாசி நடந்து போய்க் கிட்டங்கியைத் திறந்தார். ஓடச் சொல்லி யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எஞ்சின்கள் தோள்களில் ஏறின, வள்ளங்கள் மணலில் சரிந்தன, பூசைக்கு உடுத்திவந்த வெள்ளை வேட்டிகளோடு ஆண்கள் அலையில் விழுந்தார்கள். வயதானவர், வேண்டாம் என்று மற்றவர்கள் தடுத்தும் கேளாமல், முதல் வள்ளத்தில் இஞ்ஞாசி ஏறிக்கொண்டார். கயத்தானிடம் போய்ச் சேர அவர்களுக்கு ஒரு பாட்டுப் பாடும் நேரம்கூட ஆகவில்லை. அவ்வளவு எளிதாக இருந்தது. பிற்காலத்தில் அந்த வள்ளங்களில் போனவர்கள், மற்ற எதையும்விட அந்த எளிமையைப் பற்றித்தான் பேச முடியாமல் திணறினார்கள்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு வள்ளத்துக்குள் விழுந்த கயத்தான், குடிக்கத் தண்ணீர் வாங்கிக் குடித்து, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். பிறகு அவன் கண் நிறைந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழமைன்னும் பாக்காம வந்துட்டியளே, மாமா" என்றான். "ஊரு வராதுன்னுதான் நெனச்சேன். தப்பா நெனச்சிட்டேன். இன்னும் ஒரு மணி நேரம் பிந்தியிருந்தா என்னைப் பாத்திருக்க மாட்டிய."

அது காதில் விழாததுபோல் இருப்பதற்கு எஞ்சினின் இரைச்சல் அவர்களுக்கு ஒரு சாக்காக இருந்தது.

அவன் உடம்பில் ஒரு நாளுக்குரிய களைப்பு மட்டுமே இருந்தது. அவன் தூக்கிவந்த வலையில் பிடிபட்டிருந்த மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. கரையில் மனைவியைக் கண்டதும், காலையில் பார்த்தவள் அதற்குள் எப்படி இவ்வளவு இளைத்தாள் என்று வியந்தான். அவள் அவன் தலையைத் துவட்டினாள், சோறு ஆக்கியிருப்பதாகச் சொன்னாள், வேறொன்றும் சொல்லவில்லை. ஆகவே ஊரும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு எவ்வளவு வேலை இருக்கிறதென்று அவர்களுக்கு அன்றே புரிந்தது. அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சந்தியாகுவும் வேறு சிலரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், அவன் பெயர் எழுதிய சிலுவையைப் பிடுங்கி, மணலில் புதைத்தார்கள். வீடுகளிலும் கடைகளிலும் தொங்கிய நாட்காட்டிகள் இறங்கின. நேற்றுவரை தவழ்ந்த குழந்தை தெருவில் ஓடுகிறதே என்று அவன் கேட்டபோது, இந்தக் காலத்துப் பிள்ளைகள் சீக்கிரம் நடந்துவிடுகின்றன என்றார்கள். முதல் ஞாயிறன்று கடலுக்குப் போனவனுக்கு அதற்குள் எப்படிப் பண்டிகை வந்தது என்பதற்கு, உனக்குக் காய்ச்சல் கண்டு நினைவு தப்பிக் கிடந்தாய் என்று ஒருவர் சொல்ல, ஊரே அதற்குச் சாட்சியாயிற்று.

ஆனால் அவனுடைய நன்றிக்கு அவர்களால் அணை போட முடியவில்லை. கிறிஸ்து பிறப்புத் திருவிழாவன்று, குடிலுக்கு முன்னால் நின்றவர்களிடமெல்லாம் அவன் அந்தக் கதையைச் சொன்னான்: இந்த ஊர் தன் சட்டத்தைவிட ஒரு மனிதனைப் பெரிதாக நினைத்தது, ஒரு கணம்கூட யோசிக்கவில்லை, அன்றே, அப்போதே வந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து வந்த உறவினர்களிடம் சொன்னான். தன்னை இழுத்த ஒவ்வொருவன் வீட்டுக்கும் முதல் மீனைக் கொண்டுபோய்க் கொடுத்தான். அந்த மீனைச் சமைத்தவர்களுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. அவன் தெருவில் வருவதைக் கண்டால் ஆட்கள் சந்துக்குள் திரும்பினார்கள். ஏச்சைத் தாங்குவதற்குத் தம்மை ஓராண்டாகப் பழக்கிவைத்திருந்த ஊர், புகழ்ச்சியைத் தாங்க முடியாமல் மெலிந்தது.

கருவாட்டுக் களத்தில் சில பெண்கள் மெற்றில்டாவைச் சூழ்ந்துகொண்டு, நீயே பக்குவமாக எடுத்துச் சொல்லிவிடேன், நீ சொன்னால் அவன் கேட்டுக்கொள்வான் என்று கெஞ்சினார்கள். அவள் மீனைப் புரட்டிப்போட்டுக்கொண்டே மறுத்தாள்.

"நான் காத்திருந்தவ. காக்க வச்சவங்க வந்து சொல்லட்டும்."

புத்தாண்டு கழிந்த வாரத்தில் கயத்தான் தேங்காய் எண்ணெய்த் தகரங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தலைவர் வீட்டுக்கு வந்தான். கட்டுப்பாட்டை மீறிய தனக்கொன்று. தனக்காக மீறி வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒன்று. அவர்களுடைய தண்டத்தையும் தானே கட்டுவதுதான் நியாயம் என்றான். மெற்றில்டா தன் கம்மலைக் கழற்றிக் கொடுத்திருந்தாள். எதற்கென்று தெரிந்தேதான் கொடுத்திருந்தாள். இஞ்ஞாசி வண்டியைப் பார்த்தார். அதை இறக்கவும் சொல்லவில்லை, திருப்பிக்கொண்டு போகவும் சொல்லவில்லை. உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, வண்டியின் மறுகைப்பிடியைத் தாமே பிடித்து, அவனோடு அவன் வீடுவரை தள்ளிக்கொண்டு நடந்தார். அங்கே வாசலில் மெற்றில்டா இருக்கும்போது, நின்றபடியே, எல்லாவற்றையும் சொன்னார். சாவி தம்மிடம் இருந்ததைச் சொன்னார். அவள் வந்து நின்ற நேரத்தைச் சொன்னார். கொட்டகையில் நடந்த வாதத்தில் தாம் எந்தப் பக்கம் பேசினார் என்பதையும் விடாமல் சொன்னார்.

கேட்டுமுடித்த பிறகு கயத்தான் கடலைப் பார்த்தான். பிறகு மனைவியின் கைகளைப் பார்த்தான், உப்பில் வெடித்திருந்த விரல்களை அப்போதுதான் காண்பவனைப்போல. அவர் எதிர்பார்த்திருந்த கேள்வி ஒன்றையும் அவன் கேட்கவில்லை.

"இந்த ஒரு வருஷம் இவ எப்படிச் சாப்பிட்டா, மாமா?"

இஞ்ஞாசிக்கு அது தெரியாது. ஊரில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருக்க அவர்கள் எடுத்துக்கொண்ட கவனம் அப்படிப்பட்டது. தெரியாது என்பதையும் அவர் வாய்விட்டுச் சொன்னார். அதைச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்ததென்று பின்னாளில் தம் மகளிடம் சொன்னாராம்.

அதற்குப் பின் மற்றவர்கள் தத்தம் பங்கைச் செலுத்திய விவரம் இது. இஞ்ஞாசி மூன்று ராசாக்கள் திருநாளன்று தலைமையை விட்டு விலகினார், கிட்டங்கிச் சாவியை மெற்றில்டாவிடம் கொடுக்க ஊர் தீர்மானித்தது, அவள் வாங்கிக்கொண்டாள். கூடுதலாகச் சேர்த்த அந்த ஒரு வரி அதே கூட்டத்தில் நீக்கப்பட்டது. தஸ்நேவிஸ் சாமி சாம்பல் புதனன்று, பிறர் நெற்றியில் சாம்பல் பூசுவதற்கு முன், பீடத்திலிருந்து இறங்கிவந்து கயத்தானுக்கு முன்னால் மண்டியிட்டு, தாம் அன்று சொன்ன வாக்கியத்தைச் சபை கேட்கத் திருப்பிச் சொன்னார். சந்தியாகு தவக்காலத்தின் நடுவில் வந்தான். கேலியாகத் தொடங்கி, பாதியில் பேச்சு நின்றுபோய், மீதியை மறுநாள் வந்து சொன்னான். கமிட்டியாரில் இருவர் உயிர்ப்புத் திருநாளான பாஸ்கு முடிந்த பிறகு சேர்ந்து வந்தார்கள். தனித்தனியாக வரும்படி கயத்தான் அனுப்பிவிட்டதால், மழைக்காலம் தொடங்குமுன் தனித்தனியாக வந்தார்கள். ஒருவர் வராமலே இறந்தார்; அவருக்காக அவர் மனைவி வந்தாள். இன்னும் வராதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எவரையும் மெற்றில்டா தேடிப்போவதில்லை, முகம் சுளிப்பதுமில்லை. சந்தையில் எதிர்ப்பட்டால், பிள்ளைகளின் நலத்தை விசாரித்து, மீன் நல்லதா என்று பார்த்துக் கொடுத்துவிட்டு, போகும்போது மட்டும் நின்று, தன் கணவனைக் குறித்து ஒரு சொல் சொல்கிறாள்.

"அவிய வீட்டுலதான் இருக்காவ."